எத்தனை பேருக்குச் சாப்பாடு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, அங்கே நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாய் என்றால் எனக்கு அதுவே போதும். முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது, வீட்டில் என்னோடு குடியிருக்கும் ஒரே ஆள் அதுதான் என்பதால் நானும் விரட்டவில்லை. போன வாரம் போனில் நீ கேட்டாயே, அப்பா, இன்னும் ரெண்டு வருஷம் இங்கேயே வேலை பார்க்கச் சொல்றாங்க, கையெழுத்துப் போடட்டுமா என்று. நானும் உடனே, தாராளமாப் போடும்மா, எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன் என்று சொன்னேன். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எனக்கு எதையும் நேராகச் சொல்ல வராது, உன் அம்மா இருந்தவரைக்கும் இதைச் சொல்லித்தான் சண்டை பிடிப்பாள், அதனால் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

மாடி வீட்டு டீச்சரின் மருமகள் சாப்பாடு ஆர்டர் செய்கிற வெப்சைட் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். புதிதாகச் செய்த வெப்சைட் என்னைப் போன்ற கிழங்களுக்குப் புரிகிறதா என்று பார்க்க ஆள் தேடினார்களாம், அங்கிள், சும்மாதானே இருக்கீங்க, வாங்க என்றாள். சும்மா இருக்கிறேன் என்று அவள் கண்டுபிடித்ததில் எனக்குக் கோபம்தான், இருந்தாலும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன். சின்ன அறை, ஒரு மேஜை, கம்ப்யூட்டர், அதன் தலையில் ஒரு கேமரா. பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண், உன் வயசுதான் இருக்கும். அங்கிள், நாங்க சோதிக்கிறது உங்களை இல்ல, இந்த வெப்சைட்டைத்தான், நீங்க தப்பாப் பண்ணினா அது எங்க தப்பு என்றாள். பஸ்ஸில் கண்டக்டராக இருந்த காலமெல்லாம் எது நடந்தாலும் என் தப்பு என்றே கேட்டவனுக்கு எப்படி இருந்திருக்கும் பார். அப்புறம், மனசுல தோணுறதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யுங்க, நான் நடுவுல பேச மாட்டேன் என்றாள். அடடா, இப்படி ஒருத்தி கிடைக்க வேண்டுமே! வீட்டில் பேப்பர்காரன்கூட இப்போது பேப்பரைக் கேட்டில் செருகிவிட்டு ஓடிவிடுகிறான்.

எனக்கு ராத்திரிச் சாப்பாடு நானே ஆர்டர் செய்ய வேண்டும், அதுதான் வேலை. ஆரம்பித்தேன் பாரு. எழுத்தெல்லாம் எறும்பு சைஸில இருக்கு என்றேன், மூலையில தள்ளுவண்டி படம் எதுக்கு, நான் என்ன மூட்டையா தூக்கப் போறேன் என்றேன், அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதிக்கொண்டே இருந்தாள். வறுத்த கோழியும் ரொட்டியும் எடுத்தேன். எத்தனை பேருக்கு என்று ஒரு கட்டம் வந்தது. அங்கே வாய் என்ன சொன்னது தெரியுமா? ஒருத்தனுக்குத்தான், வேற யாரு இருக்கா, பொண்ணு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கட்டுமான்னு கேட்டா, இருன்னு சொல்லிட்டேன், வேண்டாம்னு சொல்ல வாய் வரல, தனியா உக்காந்து சாப்பிட முடியலம்மா என்று மளமளவென்று வந்துவிட்டது. அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். அவர்கள் ஆறுதல் எல்லாம் சொல்லக் கூடாதாம், அது அவர்கள் வேலையின் கட்டுப்பாடாம். அப்புறம் மெதுவாக, அடுத்து என்ன செய்வீங்க அங்கிள் என்று மட்டும் கேட்டாள். வெப்சைட்டைத்தான் கேட்டாள். எனக்குத்தான் என் வாழ்க்கையைக் கேட்ட மாதிரி இருந்தது, கட்டத்தில் ஒன்று என்று போட்டேன்.

அதற்கப்புறம் நடந்ததைக் கேட்டால் சிரிப்பாய். பட்டனை அழுத்தியதும் உங்கள் சாப்பாடு புறப்பட்டுவிட்டது என்று வந்தது, சின்ன பைக் ஒன்று தெருவெல்லாம் ஓடுகிற மாதிரியும் காட்டியது. நான் வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்காமல், வாசல் விளக்கைப் போட்டுவிட்டுக் கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இது வெறும் சோதனைதான், சாப்பாடு எதுவும் வராது என்று முதலிலேயே சொன்னார்களாம், நான் பேசிய பேச்சில் காதில் ஏறவில்லை. டீச்சர்தான் மாடியேறும்போது பார்த்து விஷயத்தைச் சொன்னாள். காத்து வாங்க உக்காந்தேன் டீச்சர் என்று சமாளித்தேன். பசியால் காத்திருக்கவில்லை அம்மா. யாரோ ஒருத்தர் வந்து நம் வீட்டு மணியை அடிக்கப் போகிறார் என்ற நினைப்பு நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது நேராகவே எழுதுகிறேன். எனக்கு நீ வேண்டும். இரண்டு வருஷம் என்னால் ஆகாது. உன் வேலை எனக்குப் பெருமைதான், அதைக் கெடுக்கிற அப்பனாக இருக்கவும் பயமாகத்தான் இருக்கிறது, முடிவை நீயே எடு, ஆனால் நான் ராஜா மாதிரி இருக்கிறேன் என்று நம்பி எடுக்காதே.

குளிரில் தலைக்கு ஏதாவது கட்டிக்கொள், காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. நீ தொட்டது துலங்கட்டும், எங்கே இருந்தாலும் நன்றாக இரு. ஒன்றை மட்டும் மறக்காதே. இந்தக் கடிதம் வருவதற்குள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் போன் பண்ணிச் சொல். ரொம்ப சந்தோஷம்மா என்றுதான் சொல்வேன். அதை நம்பாதே.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அப்பா