வாயை மூடிய பிறகும் கேட்ட குரல்

மார்ச் 9, சனி

வேறு யாரிடமும் சொல்ல முடியாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இன்று பிற்பகல் கால்நடைச் சந்தை மேடையில், இரண்டாவது பாட்டின் நடுவே, என் மேல்வரிசைப் பல்செட் கழன்று விழப்பார்த்தது. வயது ஐம்பத்து நான்கு. முன்வரிசையில் பாதிரியாரின் மனைவி. உச்சத்தைப் பிடிக்க வாயைத் திறந்தேன். குரலுக்கு முன்னால் பல் கிளம்பிவிட்டது. நாக்கால் அணைத்துப் பிடித்து, உதட்டை இறுக்கி மூடி, கல்யாணப் போட்டோவில் நிற்கிற மாப்பிள்ளைபோல் சிரித்து வைத்தேன்.

இது அவமானம். அவமானம் எனக்குப் பழக்கம். அடுத்து நடந்ததுதான் பழக்கமில்லை.

நான் வாயை மூடிவிட்டேன். நான் பாடவேண்டிய மேல் குரல் நிற்கவில்லை.

என் ஜோடிப் பாடகர் ஆர்வில் அண்ணன் தன் பாட்டுக்குக் கீழ்க் குரலில் போய்க்கொண்டிருந்தார். எங்கள் மலைப்பக்கத்து வழக்கப்படி இரண்டு பாடகருக்கும் ஒரே மைக்; கன்னம் உரசுகிற நெருக்கம். அவர் குரலுக்கு மேலே இன்னொன்று, மெல்லிசாக, கம்பியை இழுத்துப் பிடித்ததுபோல, பல்லவி முடிகிறவரை கூடவே வந்தது. அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

கூட்டம் கை தட்டியது. நானும் குனிந்து நன்றி சொன்னேன் – பல்லைக் கையில் பொத்திக்கொண்டு. வேறென்ன செய்ய?

மார்ச் 10, ஞாயிறு

தேவாலயத்தில் ஆராதனை முடிந்ததும் சவுண்டுக்காரன் ரோண்டலைத் தனியே தள்ளிக்கொண்டு போனேன்.

"நேத்து டேப் ஏதாவது ஓட்டினியா?"

"டேப்பா? என் வேன்ல ரேடியோவே ஓடாது. ஏன்?"

"சும்மா."

"நேத்து நீ பிரமாதமா பாடின க்ளோவிஸ். ஆறு வருஷத்துல மொத தடவையா மனுஷன் மாதிரி பாடின."

ஆறு வருஷம். டாய்ல் அண்ணன் செத்த மறு வருஷம் நான் இந்த இடத்துக்கு வந்தேன். ஸ்டிடம் சகோதரர்கள் – ஆர்வில் கீழே, டாய்ல் மேலே. எங்கள் வீட்டு அடுப்படி ரேடியோவில் அந்தக் குரல்களைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். நாற்பது வருஷம் டென்னசியில் அவர்கள் பாடாத சந்தையில்லை, பண்டிகையில்லை. டாய்ல் போனதும், டயர் கடையில் இருந்த என்னை ஆர்வில் அண்ணன் கூப்பிட்டார். "குரல் சுமார்தான். ஆனா வாய்ப்பேச்சு நல்லா இருக்கு, நடுநடுவே ஜோக் சொல்லு" என்றார். மேல் குரலின் காலி நாற்காலியில் ஒரு கோமாளி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நேற்று கேட்டது யார் குரல் என்று எனக்குத் தெரியும். எழுதத்தான் கை வரவில்லை.

மார்ச் 23, சனி

பள்ளிக்கூட மைதானம். இன்று பல்லுக்குப் பசை போட்டிருந்தேன். போட்டுவிட்டு, வேண்டுமென்றே வாயை மூடினேன்.

வந்தது.

பட்டப்பகல். வெயில். குழந்தைகள் பஞ்சுமிட்டாய் தின்கிறார்கள். என் இடது காதுக்குப் பக்கத்தில், அண்ணன் இல்லாத பக்கத்தில், அது பாடுகிறது. மூச்சு வாங்கும் சத்தம்கூடக் கேட்டது. பாடுகிறவன் மூச்சு வாங்குவான், சரி. செத்தவன் எதற்கு வாங்குகிறான்?

ஒரு கிழவி எழுந்து நின்று, "டாய்ல்!" என்று கத்தினாள்.

மார்ச் 26, செவ்வாய்

முடிவெட்டுகிற கடையில் சொல்லிவிட்டேன். சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் சொன்னேன். கழுத்தில் துணியைக் கட்டியதும் எனக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

க்ளென்னா: "ஏங்க, ரேடியோ நிலையத்துக்கும் ஒரு போன் போட்டிருக்கலாம்ல? உங்க வாய்க்குப் பசை போதாது, தையல் போடணும்." கட்டிய மனைவி. தைத்தாலும் தைப்பாள்.

ஏப்ரல் 6, சனி

கூட்டம்! ஜார்ஜியாவிலிருந்து கார்கள். கையில் பழைய இசைத்தட்டுகள். ஒரு பெண் தன் அம்மாவின் சாம்பலை டப்பாவில் கொண்டுவந்து மடியில் வைத்திருந்தாள்: "எங்கம்மாவுக்கு டாய்ல்னா உசுரு." எனக்கு வாயசைக்கிற வேலைகூட இல்லை. நிகழ்ச்சி முடிந்து கையெழுத்து மேசையில் எல்லோரும் என்னிடம் தட்டை நீட்டி, "டாய்ல்னு போடுங்க" என்றார்கள். போட்டேன். மூன்றாவது தட்டில் 'y' எழுத்தின் வாலில் ஒரு சுழி தானாக வந்தது. அப்படி நான் எழுதுவதில்லை.

அண்ணன் குரல் இன்று சரியில்லை. கடைசிப் பாட்டில் கீழ்க் குரல் நூலாகிவிட்டது. மேலே இருப்பதோ வெள்ளிக்காசு தட்டினதுபோல் கணீரென்று இருந்தது. ரோண்டல் மைக்கை ஏற்றிப் பார்த்தான். ஏற்ற ஏற்ற மேல் குரல்தான் ஏறுகிறது.

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன் மோரில் சோள ரொட்டியைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து கேட்டேன்.

"அண்ணே, அது டாய்ல் அண்ணன்தானே?"

"ஊரே சொல்லுதுல்ல. அப்புறம் என்னைய எதுக்குடா கேக்குற?"

"பயமா இல்லியா?"

கரண்டியை வைத்தார். "அவனுக்கு இருபத்தஞ்சு வயசு. எனக்கு எழுபத்தெட்டு. வர்றப்பல்லாம் எங்கிட்டேருந்து கொஞ்சம் எடுத்துட்டுப் போறான். இருக்கிறதே கொஞ்சம்."

டாய்ல் செத்தது எழுபதில். பேய் மட்டும் எப்படி இருபத்தைந்தாகிறது? கேட்க நினைத்தேன். அவர் மறுபடி சாப்பிட ஆரம்பித்துவிட்டார்.

ஏப்ரல் 12, வெள்ளி

அண்ணனை நகரத்துப் பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனேன். தொண்டைக்குள் விளக்கு விட்டுப் பார்த்தார். "இவ்வளவு சுத்தமான தொண்டைய இந்த வயசுல நான் பார்த்ததில்ல. வாலிபத் தொண்டை" என்றார்.

அண்ணனால் "நன்றி" என்று சத்தமாகச் சொல்ல முடியவில்லை.

ஏப்ரல் 20, சனி

யோசித்துப் பார்த்தேன். நான் வாயை மூடியதால்தானே அந்த இடம் காலியானது? காலியாக விட்டால்தானே வரும்? இன்று ஒன்றரைக் குழாய்ப் பசை அப்பிக்கொண்டு, மேல் குரலை முழுமூச்சாகப் பாடினேன். கழுதையை மிதித்ததுபோல்தான் இருந்திருக்கும். ஆனால் அது வரவில்லை. ஒரு பாட்டு முழுக்க வரவில்லை. அண்ணனின் கீழ்க் குரல், அடுப்படி ரேடியோவில் நான் கேட்ட அந்தப் பழைய கனத்த குரல், திரும்பி வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது.

"யோவ் கோமாளி, வாய மூடு! டாய்ல் பாடட்டும்!" என்றான் ஒருவன். கூட்டம் சேர்ந்துகொண்டது. எவனோ கடித்துத் தின்ற மக்காச்சோளக் கதிரை எறிந்தான். நான் நிறுத்தவில்லை. வாழ்க்கையில் ஒரு முறை வீரம்.

இறங்கினதும் அண்ணன் என் சட்டையைப் பிடித்தார். முன்பு யாரையும் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை.

"ஏன்டா அவன நிறுத்தின?"

"உங்க குரல் போகுதுண்ணே!"

"போகட்டுமே. அந்தக் குரல் கேட்டு எத்தன வருஷம் ஆச்சு, உனக்குத் தெரியுமா?"

சட்டையை விட்டுவிட்டு, கசங்கின இடத்தை நீவிவிட்டார். நான் அண்ணனைக் காப்பாற்றப் பார்க்கிறேன், அண்ணன் செத்த தம்பிக்குத் தன்னை ஊற்றிக் கொடுக்கிறார். நடுவில் நான் ஒரு பல்செட்.

மே 4, சனி

நிகழ்ச்சியை ரத்து செய்தோம். அண்ணன் கிசுகிசுக்கிறார், அவ்வளவுதான். அவர் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் கிட்டாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தார்.

பத்தொன்பதாம் தேதி கல்லறைக்குப் பூப்போடும் ஞாயிறு. அன்றைக்கு ஸ்டிடம் குடும்பத்துக் கல்லறை மேட்டில் பாடப் போகிறாராம். 'கேட்டைச் சாத்தாதே', நான்கு சரணமும். மேடையில் எப்போதும் இரண்டோடு நிறுத்திவிடுகிற பாட்டு.

"நாலும் பாடினா உங்களுக்கு என்ன மிஞ்சும்ணே?"

உதட்டைப் படித்துத்தான் புரிந்துகொண்டேன்: "மிச்சம் வச்சு என்னடா பண்ணப் போறேன்? டயர் கடைக்கா வரப் போறேன்?"

வீட்டுக்கு வந்து புலம்பினேன். க்ளென்னா கிண்டல் பண்ணவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கிளப்பியது. "அவரு இஷ்டம், விட்ருங்க. நீங்க கூட நின்னா போதும். பாடாதீங்க" என்றாள்.

மே 18, சனி

கிட்டாரை ஒளித்து வைத்துவிடலாமா? வெட்கமில்லாத யோசனை. ஒரு மணி நேரம் யோசித்தேன்.

மே 19, ஞாயிறு

மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

காலையிலேயே எல்லோரும் மேட்டுக்கு வந்து புல் வெட்டி, கற்களைத் துடைத்து, பூ வைத்து முடித்திருந்தார்கள். மரத்தடியில் நீள மேசைகள், வறுத்த கோழி, பச்சை பீன்ஸ், வாழைப்பழப் புட்டிங். வெளியாள் யாரும் இல்லை. மைக்கும் இல்லை. ரோண்டல்கூடச் சும்மா வந்திருந்தான், கோழிக்காக.

அண்ணன் டாய்லின் கல் பக்கத்தில் நின்றார். நான் இடப்பக்கம், வாயை மூடிக்கொண்டு.

முதல் சரணம்: அவர் குரல் இலை உரசுவதுபோல். மேல் குரல் உடனே வந்துவிட்டது. இரண்டாவதில் இலையும் இல்லை. மூன்றாவதில் அண்ணனின் உதடு மட்டும் அசைந்தது. நான்காவது ஆரம்பிக்கும் முன் அண்ணன் உதட்டை மூடிக்கொண்டார். கிட்டாரிலிருந்து கையையும் எடுத்துவிட்டார்.

வெறும் மேட்டில், மத்தியான வெயிலில், யாருடைய வாயும் அசையாமல், அந்தக் குரல் நான்காவது சரணத்தை முழுக்கப் பாடி முடித்தது. மைக் இல்லாததால் எங்கிருந்து என்று தெளிவாகக் கேட்டது. கல்லுக்குள்ளிருந்து இல்லை. அண்ணனின் நெஞ்சு உயரத்திலிருந்து.

குழந்தைகள் அழவில்லை. நாய்கள் குரைக்கவில்லை. அண்ணன், தன் மகள் மேடையில் பரிசு வாங்குவதைப் பார்க்கிற அப்பாபோல, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றார்.

பிறகு எல்லோரும் சாப்பிட்டோம். நான் மூன்று கோழித் துண்டு சாப்பிட்டேன். மனிதன் என்ன பிறவியோ.

மே 20, திங்கள்

போன் செய்தேன். எடுத்தார். மூச்சுச் சத்தம் மட்டும்.

ஜூன் 8, சனி

டயர் கடைக்குத் திரும்பிவிட்டேன். அண்ணன் வாரம் ஒரு முறை வந்து வாசலில் உட்காருகிறார். என் வளவளப்பைக் கேட்டுத் தலையாட்டுகிறார். குரல் வராது என்று ஆகிவிட்டது. மேல் குரலும் அதன் பிறகு எங்கும் யாருக்கும் கேட்கவில்லை. மெலிந்திருக்கிறார். ஆனால் சந்தோஷமாக இருக்கிறார்; அதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இன்று டாய்லின் மனைவி ஒனீட்டா அக்கா ஊருக்கு வந்தார். ஒஹையோவில் மகளோடு இருப்பவர். நடக்க முடியாததால் பூப்போடும் நாளுக்கு வரவில்லை. கல்லறை மேட்டில் யாரோ போனில் பிடித்து வைத்திருந்ததை க்ளென்னா போட்டுக் காட்டினாள். அக்கா அழுவார் என்று கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டேன்.

அக்கா கண்ணை மூடிக் கேட்டார். "அழகு. சின்ன வயசுல ஆர்வில் அச்சு அசல் இப்படித்தான் பாடுவாரு."

"அக்கா, இது டாய்ல் அண்ணன்."

"டாய்லா?" அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அந்த மனுஷனுக்குக் குரல் மேல ஏறவே ஏறாதுடா. மேடையில ஏதோ தாழ முணங்குவாரு; பொம்பளைங்கல்லாம் அவரு மூஞ்சியப் பாத்துட்டிருந்தாங்க, யாரு காதுல வாங்கினா? ரெக்கார்டுல ரெண்டு குரலும் ஆர்வில்தான். மொதல்ல கீழ்க் குரல் பாடிட்டு, அதுக்கு மேலயே மேல் குரலயும் இன்னொரு தடவ பாடுவாரு. எங்க வீட்டுக்காரரு ரெக்கார்டு அட்டைப் போட்டோவுக்கு மட்டும் போயிட்டு வருவாரு."