கேட்டவர் பெயர்

இன்று காலை நூலகத்துக்குப் புதிய புத்தகக் கட்டு வந்தது. கயிற்றை அறுத்ததும் அந்த வாசம். மசி, அட்டை, கொஞ்சம் ஈரம். ஆறு மாதமாக இந்த வாசம் எனக்கு ஆகவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தேன். கீழே தெங்கேரா தெருக் கடைகளில் சனிக்கிழமைக் கூட்டம்.

உன் புத்தகமும் இப்படித்தான் வந்தது. பத்தோடு பதினொன்றாக. மணமுறிவுச் சட்டத்தை எளிய தமிழில் சொல்லும் மெல்லிய புத்தகம்.

அதைக் கேட்க நீ இந்த மாடி ஏறி வந்த நாள். பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவத்தில் இரண்டு ஆண்டுகள் ஒரே மேசை நமக்கு. பிறகு நான் பல்கலைக்கழகம் போனேன். நீ லோரி கம்பெனி ஆபீசுக்குப் போனாய், அங்கிருந்து கல்யாணத்துக்கு. அன்று அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாய். நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

"பேரு கண்டிப்பா எழுதணுமா டீ?"

"எழுதணும்லா. புத்தகம் வந்தா யாருக்குப் போன் பண்றது?"

"என் நம்பர் வேணாம். என் போன அவரு எடுத்துப் பாப்பாரு."

சீட்டில் வேறொரு எண்ணை எழுதினாய். லோரி ஆபீசில் உன்னோடு வேலை செய்து, இப்போது உம்பாயில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அக்காவின் எண். உன் கணவனுக்கு அவரைத் தெரியாது. அதனால்தான் அவரைத் தேர்ந்தெடுத்திருந்தாய். கடைக்குப் பின்னால் ஓர் அறை உனக்காகக் காலியாக இருந்தது.

"புத்தகத்துல என் பேரு லேபிள் ஒட்டிடாத. மறந்துட்டேன்னு வந்து நிக்காத. பரீட்சைக்கு ஐ.சி. கார்டையே மறந்துட்டு வந்தவதானே நீ."

கோவில் டியூப் லைட்டிலும் உபயம் செய்தவர் பெயரை எழுதும் ஆட்கள் நாம். நம் சங்க நூலகத்திலும் அப்படி ஒரு வழக்கம். யார் கேட்டு ஒரு புத்தகத்தை வாங்கினோமோ, அவர் பெயரை முதல் பக்கத்தில் ஒட்டுவோம். கேட்டவர்: இன்னார். தலைவர் அங்கிள் தொடங்கியது. "பேரு போட்டாதான்மா மத்தவங்களும் கேப்பாங்க. நல்ல புத்தகத்த மறைச்சா படிப்பாங்க?"

உன் புத்தகத்தில் ஒட்டவில்லை. சத்தியமாக ஒட்டவில்லை.

ஆனால் கணினியில் பட்டியல் இருந்தது. நூல், பதிப்பகம், கேட்டவர். கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த வரிக்குப் போக விடாது. உன் பெயரை அடித்தேன். பிறகு அழித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒரு புள்ளி வைத்திருந்தால் போதும், கணினி ஏற்றுக்கொண்டிருக்கும். அது பிறகுதான் தெரிந்தது.

நீ புத்தகத்தை எடுத்துப் போன மூன்றாம் நாள், அங்கிள் அந்தப் பட்டியலைப் படமெடுத்து வாட்சப் குழுவில் போட்டார். 'புதிய வரவுகள். கேட்டு வாங்க வைத்த அன்பர்களுக்கு நன்றி.' கூப்பிய கைகள் மூன்று. பூங்கொத்து ஒன்று. அந்தக் குழுவில் ஊரில் பாதிப் பேர் இருக்கிறார்கள். உன் நாத்தனாரும்.

ஐந்தாம் நாள் புத்தகம் திரும்பி வந்தது. கொண்டுவந்தது உன் கணவன்.

"முடிஞ்சிருச்சு மிஸ். இனிமே அவளுக்கு இது தேவைப்படாது."

சிரித்தான். நானும் சிரித்தேன். அதை என்னால் மாற்ற முடியவில்லை. நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் நீ இல்லை. பிளாட் படிக்கட்டில் வழுக்கி விழுந்தாய் என்றார்கள். மழை ஈரம் என்றார்கள். அன்று டுரியான் துங்காலில் மழை இல்லை. நானும் அதே ஊரில்தான் இருக்கிறேன். கல்லறையில் அவன் உரக்க அழுதான். ஃபாதர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

போன சனிக்கிழமை மறுபடி வந்தான்.

"அவ எழுதிக் குடுத்த சீட்டு இருக்கும்ல மிஸ்? அவ கையெழுத்து. ஞாபகத்துக்கு." கொஞ்சம் நிறுத்தினான். "புத்தகம் வந்துச்சுன்னு எங்க வீட்டுக்குப் போன் வரலையே. யாருக்குப் பண்ணீங்க?"

அங்கிள் பக்கத்தில்தான் இருந்தார். "குடுத்துடும்மா. புருஷன்தானே. இதுல என்னா ரகசியம்?"

"பழைய ஃபைல் அங்கிள். தேடணும்."

"தேடுங்க மிஸ். அவசரமில்ல. அடுத்த சனிக்கிழம வரேன்."

அன்று சாயங்காலம் உம்பாய் அக்காவுக்குப் போன் செய்தேன். பின்னால் வாணலிச் சத்தம். உன் பெயரைச் சொன்னதும் அடுப்பை அணைத்துவிட்டார். நீ அவரிடம் ஓர் உறையைக் கொடுத்து வைத்திருந்தாயாம். கிளினிக் கடிதங்கள். படங்கள்.

"ஆறு மாசமா பயந்துகிட்டே இருந்துட்டேன்மா. இப்பதான் ஒரு லாயர் கெடைச்சிருக்காங்க. வர்ற திங்கக்கிழம இல்ல, அதுக்கடுத்த திங்கக்கிழம போலீசுக்குப் போறோம். அதுவரைக்கும் என் நம்பர் அவன் கையில சிக்கக் கூடாது. சிக்குனா உறையும் இருக்காது, நானும் இருக்க மாட்டேன்."

என் போனில் பதிவாகியிருந்த அந்த எண்ணை அழித்தேன். சீட்டைக் கிழித்தேன். உன் கையெழுத்து என்னிடம் இருந்த ஒரே தாள் அது. ஏழு என்ற இலக்கத்தை நடுவில் கோடு போட்டு எழுதியிருந்தாய். அதையும் கிழித்தேன்.

இன்று மதியம் சொன்னபடி வந்தான்.

"கிடைக்கலண்ணே."

"கிடைக்கலையா? இல்ல, குடுக்கலையா?"

குரல் உயரவே இல்லை. திரும்பி அறிவிப்புப் பலகையைப் பார்த்தான். அங்கே யாருக்கு எந்த நாள் வேலை என்ற தாள் இருந்தது. என் முழுப் பெயர், கைப்பேசி எண், வரும் நேரம், போகும் நேரம். இதுவும் அங்கிள் செய்த மரியாதை. கைப்பேசியை உயர்த்திப் படமெடுத்துக்கொண்டான்.

"பரவால்ல மிஸ். அது இல்லன்னா இது."

அவன் போனதும் அந்தத் தாளைக் கிழித்தேன். இன்று வந்த புத்தகங்களுக்கெல்லாம் பெயர்க் கட்டத்தில் புள்ளி வைத்தேன். வரிசையாகப் புள்ளிகள். அங்கிள் திட்டுவார்.

இப்போது மணி ஐந்தரை. நூலகத்தை மூடிவிட்டு உள்ளே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சற்று முன் ஒரு செய்தி வந்தது. 'மிஸ், டுரியான் துங்காலுக்கு இந்நேரம் பஸ் இருக்குமா? கொண்டு விடவா?' நான் எந்த ஊரில் குடியிருக்கிறேன் என்று அவனிடம் சொன்னதே இல்லை.

பதில் போடவில்லை. அங்கிளைக் கூப்பிட்டேன். முழுவதையும் சொன்னேன். சாவிக்கொத்தை எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "கீழ எறங்காதம்மா. நான் காடிய ஓட்டிட்டு வரேன்" என்றார். இன்றும் நாளையும் அவர் வீட்டில் தங்குவேன்.

நீ இருந்திருந்தால் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பாய். வாழ்நாளில் ஒரு போன் நம்பரும் மனதில் நிற்காதவள் நான். அந்த எண் நிற்கிறது. எங்கும் எழுதி வைக்கவில்லை. உனக்கு எழுதும் இந்த மடலிலும் இல்லை. உதடு அசையாமல் சொல்லிப் பார்க்கிறேன். பத்து இலக்கம். திரும்ப முதலிலிருந்து.

திங்கட்கிழமை அக்கா போலீசுக்குப் போக, நடுவில் ஒரு ஞாயிறு இருக்கிறது.