முதல் டிரம்மில் கட்டிய துணி

ஹார்லன் கிரீக்,
ஜனவரி 29

அனுப்பத்தான் போகிறேன், கெசையா. போனில் நீ மூன்று முறை கேட்டாய், மூன்று முறையும் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொன்னேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. உன் அப்பா பக்கத்து நாற்காலியில் இருந்தார். அவர் காதில் விழக்கூடாத ஒன்று இதில் இருக்கிறது. அதனால்தான் கடிதம்.

முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, அந்த அலாஸ்கா குளிரில் காது மூடுகிற தொப்பி வாங்கினாயா. இங்கே இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம், ஓரளவு சுகத்தோடும் இருக்கிறோம், கடவுளுக்கு நன்றி. அப்பாவுக்கு இடது முட்டி வீங்கி வடிந்து மறுபடி வீங்கியிருக்கிறது, ஊன்றுகோல் வாங்கிக் கொடுத்தால் அதை நாயை விரட்ட மட்டும்தான் எடுக்கிறார். பீக்கன் மரத்தின் பெரிய கிளை காற்றில் முறிந்து உன் பழைய அறை ஜன்னலை உடைத்தது, அட்டை வைத்து அடைத்திருக்கிறோம். உன் ஓசெல்லா அத்தை என்னோடு பேசுவதை நிறுத்தினாள், இப்போது பேசுகிறாள். அது நடுவில் வரும்.

உனக்குத் தெரிந்ததைத்தான் முதலில் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள். வரிசையாக எழுதினால்தான் எனக்கு எழுத வருகிறது. ஒன்பது வருடம் முன்னால் உன் தம்பிக்கு இருபது வயது. டாலிவர் கல்லூரி பேண்டில் முதல் டிரம். காரின் பின்விளக்கு உடைந்திருந்தது, போலீஸ் நிறுத்தியது, ஆமோஸ் எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னான். அந்த ஒரு வார்த்தைக்கு ஏழு மாதம் விசாரணையில்லாமல் மாவட்டச் சிறை. வெளியே விடக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் நீதிமன்றத்தில் எழுந்து நின்றவர் அரசு வழக்கறிஞர் ராய்ஸ் கெல்லம். சர்க்கரை நோய் என்றோம். எழுதிக் கொடுத்தோம். நான்கு நாள் அவனுக்கு இன்சுலின் போடவில்லை. ஐந்தாம் நாள் உடலை வாங்கிப்போக எங்களைக் கூப்பிட்டார்கள். கெல்லம் தொலைக்காட்சியில், அந்தப் பையன் எங்க போனாலும் சத்தந்தாங்க, ஜெயில்லயும் கம்பியத் தட்டிக்கிட்டே இருப்பான், என்று சொன்னார். சிரித்துக்கொண்டு சொன்னார். அப்புறம் நம் பேண்டு அவனுக்காக நம் வீட்டு முன்னால் சாவு நடை நடக்க அனுமதி கேட்டது. மறுத்தார்கள், பொது அமைதிக்கு இடைஞ்சலான சத்தம் என்று. சாவு நடையில் சத்தமே கிடையாது என்று கெல்லத்துக்கு யாரும் சொல்லவில்லை.

நீ பேண்டில் இருந்தவள் இல்லை, ஆனாலும் நடை தெரியும். இறந்தவனின் தாய் முதல் டிரம்மில் கறுப்புத் துணி கட்டி, அடிப்பவரின் காதில் பெயரைச் சொல்வாள். கட்டிய பிறகு பாட்டு கிடையாது. ஊதுகிற கருவிகள் எல்லாம் வாய் கீழே பார்க்கத் தொங்கும். டிரம் விளிம்பில் குச்சி மட்டும், காலடிக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஒரு முறை முதல் டிரம் அந்தப் பெயரை உதட்டுக்குள் சொல்லும், இறந்தவனின் வீட்டு வாசலைத் தாண்டுகிற வரைக்கும். துணியைப் பார்த்தபின் மறுக்க பேண்டு டைரக்டருக்குக்கூட உரிமை இல்லை. அப்படித்தான் இத்தனை காலமும். ஆமோஸுக்கு நான் தைத்த துணி ஒன்பது வருடம், நான் பேண்டுக்குத் தைக்கிற சீருடை அறையில், என் ஊசி டப்பாவுக்குள் கிடந்தது. கட்ட டிரம் இல்லாத துணி.

நவம்பரில் கெல்லம் கவர்னர் தேர்தலில் ஜெயித்தார். மறுவாரம் கல்லூரித் தலைவர் பெட்வே சேப்பலில் எழுந்து, பதவியேற்பு ஊர்வலத்தில் நம் பேண்டு வாசிக்கும், பெருமையோடு ஏற்றுக்கொண்டோம், என்றார். பெருமை. கூச்சலில் கூரை பிய்ந்துகொண்டு போனது. பழைய மாணவர் சங்கம் இரண்டாக உடைந்தது. நம்ம பிள்ளைங்க அந்தாளு முன்னாடி ஆடிக்காட்டணுமா, அவன் என்ன ராஜாவா, என்று பாதிப் பேர். மாநிலமே டிவியில பாக்கும், விடுதி ஒழுகுது, நாளைக்கு அவன்கிட்டதான போய் நிக்கணும், என்று மீதிப் பேர். கடைத்தெருவில் பிள்ளைகளைப் பார்த்து யாரோ வாழைப்பழத் தோலை எறிந்தார்கள், எறிந்தவன் நம் ஆள். டைரக்டர் ரக்கர் மெலிந்துபோனார். விருப்பமில்லாதவங்க வரவேண்டாம், பேரை வெட்டமாட்டேன், என்று அறிவித்தார். பதினொரு பேர் சீருடையை மடித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். நான் மற்ற நூற்று இருபத்தொன்பதுக்கும் பொத்தான் இறுக்கினேன்.

அதுதான் ஊருக்குத் தாங்கவில்லை. உனக்கும்தான் தாங்கவில்லை, கிறிஸ்மஸ் அன்று என் போனை நீ எடுக்கவில்லை. சர்ச் முடிந்து எல்லாரும் படியில் நிற்கும்போது ஓசெல்லா, என்ன வெர்லீன், பெத்த பிள்ளைய முழுங்கினவனுக்குப் பொத்தான் தைக்கிறியாமே, தங்க நூலா வெள்ளி நூலா, என்று கேட்டாள். தங்கந்தான் அண்ணி, உங்க கடவாய்ப் பல்லுக்குத் தோதா இருக்கட்டும்னு, என்று சொல்லிவிட்டு வந்தேன். பாஸ்டர் வீட்டுக்கு வந்தார், நான் உள்ளுக்குள் ஏதோ வைத்திருக்கிறேன் என்று மோப்பம் பிடித்த ஒரே மனிதர். பழிய ஆண்டவர்கிட்ட விட்ருங்க சிஸ்டர், என்றார். ஒன்பது வருஷம் அவர்கிட்டதான் விட்டு வச்சேன் பாஸ்டர், அவரு அந்தாளைக் கவர்னராக்கிட்டாரு, என்றேன். காபியைக் குடிக்காமல் எழுந்துபோனார்.

பழி என்றே எழுதுகிறேன். நீதி என்று எழுதலாம், நீ படித்தவள், உனக்கு அது ஆறுதலாக இருக்கும். ஆனால் நீதி கேட்டால் அது நடக்குமா நடக்காதா என்று பயம் வரும். எனக்குப் பயம் வரவில்லை. பசி வந்தது. இரண்டு மாதம் நன்றாகச் சாப்பிட்டேன், கெசையா. நன்றாகத் தூங்கினேன்.

பதவியேற்பு நாள், பதினெட்டாம் தேதி காலை, தலைநகரில் பேருந்து நின்றது. புல்லெல்லாம் பனி. பிள்ளைகள் பொரித்த கோழிப் பெட்டியைத் திறந்து கையை அதிலேயே சூடேற்றிக்கொண்டார்கள். நான் வரிசையில் நடந்து கொக்கி மாட்டினேன், தொப்பி இறகை நிமிர்த்தினேன். முதல் டிரம் இப்போது நைலா என்ற பெண். மெலிந்தவள், வாய் துடுக்கு. அன்றைக்கு வாயே இல்லை. எங்க சித்தி என்னை இனிமே வீட்டுப் பக்கம் வராதன்னுட்டா மிஸ் வெர்லீன், என்றாள். அவள் டிரம்மின் பக்கத்துத் திருகில் துணியைக் கட்டினேன். பார்த்தாள். பக்கத்தில் நின்றவர்களும் பார்த்தார்கள். வரிசை வரிசையாகக் கருவிகள் வாய் கீழே திரும்பிக்கொண்டே போயின, கடைசி வரிசைவரை. ரக்கர் அந்தப்பக்கம் நின்று ஷூவின் நாடாவை மறுபடி மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். எந்த வீடு, என்று நைலா கேட்டாள். மேடை போட்டுக் கொடி கட்டியிருப்பாங்க பாரு, அதான் வீடு, என்றேன். பேரு, என்று காதைக் கொடுத்தாள்.

இதுதான் அப்பா காதில் விழக்கூடாதது. நான் ஆமோஸ் என்று சொல்லவில்லை. ராய்ஸ் கெல்லம் என்று சொன்னேன்.

நைலா தலையைப் பின்னுக்கு இழுத்தாள். செத்தவங்க பேரைத்தான சொல்லணும், என்றாள். எனக்கு அவன் செத்தாச்சு, நட, என்றேன். பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் அதைச் சொன்னேன். திரும்பச் சொல்லச் சொன்னாலும் சொல்வேன்.

நீ திரையில் பார்த்தாய். எங்களுக்கு முன்னால் போன பேண்டின் ஆரவாரம் அடங்கியது, பிறகு எங்கள் பிள்ளைகள். டிக். டிக். நூற்று இருபத்தொன்பது பேர் காலடி ஒரே காலடி. சாலை ஓரத்தில் நம் ஆட்கள் நின்ற இடமெல்லாம் தொப்பிகள் கழன்றன, ஏசுவதற்கென்றே பலகை எழுதிக் கொண்டுவந்தவர்கள் பலகையைக் காலடியில் வைத்தார்கள். மேடையில் கெல்லத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. கண்ணியமான மரியாதை என்று நினைத்துவிட்டான். எழுந்து நின்றான். சிரித்தான். நெஞ்சில் கை வைத்தான். பிறகு கைதட்டினான், கெசையா, குச்சித் தட்டோடு சேர்ந்து தட்டப் பார்த்தான், தாளம் தப்பித் தப்பி, தன் சாவுக்குத் தானே தாளம் போட்டான். மூச்சுவிட முடியாமல் நின்றேன். அழுகை என்று பக்கத்தில் இருந்தவள் என் தோளைப் பிடித்தாள். அழுகை இல்லை.

அன்று மாலையே ஓசெல்லா சர்க்கரைவள்ளிக் கிழங்கு இனிப்பு அப்பம் ஒன்றைச் சுட்டு எடுத்துவந்தாள், மன்னிப்பு என்ற சொல் அவள் வாயில் வராது, தட்டை வச்சுட்டுப் போறேன், தட்டு திரும்பி வரணும், என்றாள். சித்தி நைலாவை வாசலுக்கு வந்து அழைத்துப்போனாளாம். வெள்ளைக்காரப் பத்திரிகை உருக்கமான அணிவகுப்பு என்று எழுதியது. உன் அப்பா மட்டும் தொலைக்காட்சியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். பிள்ளைக்கு நடந்துட்டாங்க வெர்லீன், என்றார். ஒன்பது வருடத்தில் அவர் ஆமோஸைப் பற்றிப் பேசிய முதல் வாக்கியம். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். பெற்ற பிள்ளையின் நடையைப் பிடுங்கி அவனைக் கொன்றவனுக்குக் கொடுத்திருக்கிறேன். அப்போதுதான் உறைத்தது. பசி நின்றது.

நான்காம் நாள் நைலா துணியைத் திருப்பித் தர வந்தாள். உட்காரவில்லை. மிஸ் வெர்லீன், நீங்க சொன்ன பேரை நான் சொல்லல, என்றாள். ஆரம்பத்தில் சொன்னாளாம், ஒரு பத்து அடி. உதடு கசந்துபோச்சு, அந்தாளு பேரை இத்தனை தடவ என் வாயில எதுக்கு வச்சுக்கணும், கோர்ட்டு முனை திரும்பினதும் ஆமோஸ்னு மாத்திட்டேன், மேடை முன்னாடி பூரா ஆமோஸ்தான், என்றாள். ஏசுங்க, வாங்கிக்கிறேன், என்று நின்றாள். ஏசவில்லை. ஆனால் இரண்டு நாள் அவள்மேல் எரிந்துகொண்டிருந்தேன், உண்மையைச் சொல்கிறேன், என் கையிலிருந்ததை வழிப்பறி செய்தவளைப் போல அவளை நினைத்தேன். மூன்றாம் நாள் காலை துணியை எடுத்துப்போய் அப்பாவின் கையில் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தார், முகர்ந்தார், தன் பைபிளுக்குள் வைத்துக்கொண்டார். அவர் நம்புவது பொய் இல்லை. பொய் இல்லாமல் ஆக்கியவள் நைலா. அந்தப் பெண்ணுக்கு நீ ஒரு அட்டை அனுப்பு, காரணம் எழுதாதே.

அன்றைக்குத்தான் கவர்னர் அலுவலகத்திலிருந்து கல்லூரிக்கு நன்றிக் கடிதம் வந்தது. பெட்வே அதைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டிவிட்டார். அந்த மௌன மரியாதையை வாழ்நாள் முழுக்க மறக்கமாட்டேன் என்று கெல்லம் எழுதியிருக்கிறான். கண்ணாடிமேல் கை வைத்துப் படித்தேன். அவனுக்குத் தெரியவே தெரியாது. அவன் பெயரில் ஒரு நடையும் நடக்கவில்லை, ஆமோஸுக்கு நடந்ததைத் தனக்கு என்று எடுத்து மாட்டிக்கொண்டான். முதலில் பிள்ளையை எடுத்தான், இப்போது அவன் சாவு நடையையும்.

அதனால் அனுப்புகிறேன். ஆமோஸின் துணியையா அனுப்பப்போற, அது அவனோடதும்மா, என்று நீ போனில் கத்தினாய். அதை இல்லை. சீருடை அறையில் மிச்சமிருந்த கறுப்பில் புதிதாக ஒன்று தைத்தேன், அவனுக்கென்று தனியாக, ஓரம் மடித்து, நல்ல தையல். முப்பத்தொரு வருடத்தில் அந்த மேசையில் என் கடைசித் தையல் அது. தைத்து முடித்து வேலையை விட்டேன், சாவியை ரக்கரிடம் கொடுத்தேன். எதுக்குன்னு நான் கேக்கல வெர்லீன், என்றார். கேக்காதீங்க, என்றேன். கல்லூரிக்கும் எனக்கும் இனி எழுத்தில் ஒரு தொடர்பும் இல்லை. துணியோடு வைக்கும் அட்டையில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்: நீங்கள் எழுந்து நின்று கைதட்டியது சாவு நடைக்கு. கேட்டுப் பாருங்கள், எங்கள் ஆட்கள் யாரானாலும் சொல்வார்கள். துணியைக் கட்டியது நான் ஒருத்தி. பேண்டு மறுக்க முடியாது, அது எங்கள் வழக்கம். இது உங்களுக்கு. வெர்லீன் டோர்சி, ஆமோஸின் தாய்.

விடுதிக் கூரைக்கு வரவேண்டிய பணம் கைவிட்டுப் போகலாம். பெட்வே என்னைச் சபிப்பார், பிள்ளைகளில் சிலரும் சபிப்பார்கள், அது நியாயம்தான். நினைக்காமல் செய்கிறேன் என்று எண்ணாதே. ஆனால் அந்தக் கடிதம் கண்ணாடிக்குள் தொங்குகிற வாசலை என்னால் தாண்ட முடியவில்லை. அவன் அந்தக் கைதட்டலை நினைத்துப் பார்க்க வேண்டும். நல்ல சாப்பாட்டுக்கு நடுவில், பேரப்பிள்ளைகளுக்கு நடுவில், ஒரு டிக் கேட்க வேண்டும். எனக்கு அது போதும். போதாது. ஆனால் அவ்வளவுதான் என் கையில் இருக்கிறது.

நீ நலமாயிரு, என் கண்ணே. உன் போக்கும் வரவும் பனியில் வழுக்காமல் இருக்கட்டும், உன் கதவைத் தட்டுகிறவர்கள் நல்லவர்களாக இருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. போன வருடம் சர்க்கரைப் பரிசோதனை செய்கிறேன் என்றாய், செய்யவில்லை. இந்த மாதத்துக்குள் ரத்தம் கொடு, வந்த அளவை எழுதி அனுப்பு. இருக்கிற பிள்ளை நீ ஒருத்தி. அப்பா முத்தம் சொல்லச் சொன்னார்.

உன் மேல் உயிரான
அம்மா, வெர்லீன்

பின்குறிப்பு: தபால் நிலைய மேசையில் நின்று இதை எழுதுகிறேன். துணியை இஸ்திரி போட்டு நான்காக மடித்து உறையில் வைத்தேன். அவனுடையதை ஜன்னலில் கொடுத்து ரசீது வாங்கிவிட்டேன். இனி உன்னுடையதை ஒட்டுகிறேன், அப்புறம் ஓசெல்லாவின் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன்.