தென்துருவக் கல்லின் மக்னீசியம்

தூத்துக்குடி மில்லர்புரத்தில் என் வீட்டுக்கு எதிரே புதிதாக ஒரு கண்ணாடிக் கடை வந்திருக்கிறது. இன்று காலை அங்கே ஒரு பெரிய கண்ணாடியின் விளிம்பைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஈரமான கல்மாவின் மணம் தெருவைத் தாண்டி வந்தது. கையிலிருந்த காப்பியை அப்படியே கீழே வைத்துவிட்டேன். உங்கள் வீட்டு மாடியில், கண்ணாடிப் பலகையின் மேல் கார்போரண்டம் பொடியைத் தூவித் தண்ணீர் தெளித்து, கல் சில்லுகளை நாம் மாறி மாறித் தேய்த்த நாட்களின் மணம் அது.

காகிதத்தைவிட மெல்லியதாகத் தேய்த்தால்தான் கல்லுக்குள் வெளிச்சம் போகும் என்று முதல் நாள் சொன்னேன். நீ நம்பவில்லை. தேய்த்து முடித்து நுண்ணோக்கியில் வைத்துக் காட்டியதும் கண்ணை எடுக்காமல் வெகுநேரம் பார்த்தாய். "ஏளா, கல்லுக்குள்ள இம்புட்டு நெறமா இருக்கு?" என்றாய். அன்று முதல் என் ஆராய்ச்சியில் நீயும் சேர்ந்துகொண்டாய். யாரும் உன்னைக் கூப்பிடவில்லை; நீயாகவே வந்தாய்.

எழுபதுகளின் நடுப்பகுதி. நான் நாசரேத்திலிருந்து வந்து, இங்கே கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுத்தபடியே முனைவர் பட்டத்துக்கும் பதிந்திருந்தேன். உங்கள் வீட்டு மாடி அறையில் குடியிருந்தேன். நீ உப்புப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாய். கப்பலேறும் உப்பில் மக்னீசியம் எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு என்று நாளெல்லாம் அளந்துவிட்டு, வெடித்த விரல் நுனிகளை லேஞ்சித் துணியில் துடைத்தபடி மாடியேறி வருவாய். மக்னீசியம் கூடினால் உப்பு கசக்கும், ஈரத்தை இழுக்கும் என்று எனக்குச் சொன்னதே நீதான்.

நம் நாடும் இலங்கையும் ஆப்பிரிக்காவும் தென்துருவக் கண்டமும் ஒரு காலத்தில் ஒரே நிலமாக ஒட்டிக்கிடந்தன என்று நான் சொன்னபோது, என் மாணவிகள் யாரும் கேட்காத கேள்வியை நீ கேட்டாய்.

"அப்பம் நம்ம ஊருக்குப் பக்கத்து ஊரு எது?"

"இலங்கை. அதுக்கும் அங்கிட்டு தென்துருவம்."

"அதப் பாத்தாச்சா?"

"எங்கன பாக்க? மைல் கணக்குல பனி மூடிக் கெடக்கு. கரையோரமா சில எடத்துல மட்டும் பாற தல நீட்டுது."

அந்தப் பக்கத்து ஊரைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கத்துக் கல்குவாரிகளில் கிடைக்கும் பாறையில் கார்னெட் என்ற சிவப்புக் கனிமம் மாதுளை முத்துப்போலப் பதிந்திருக்கும். குலசேகரன்பட்டினத்துக் கரையில் அலை ஒதுங்கும் இடத்தில் மணல் சிவப்பாகக் கோடு போட்டிருப்பதும் அதனால்தான். தென்துருவத்திலும் அதே மாதிரிக் கல் உண்டு என்று படித்திருந்தேன். இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஆனால் என்னிடம் இருந்தது பாதிதான். என் வழிகாட்டிப் பேராசிரியர் நேராகவே சொல்லிவிட்டார்: "அந்தப் பக்கத்துக் கல் இல்லாமல் என்னம்மா ஒப்பீடு? வருஷக் கடைசிக்குள் வேறு தலைப்புப் பார்."

அப்போதுதான் உன் அண்ணன், கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்த்தவர், ஒரு நாள் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்னார்: "கோதும கொண்டாந்த கப்பல்ல ஒரு ரஷ்யாக்கார என்ஜினியர் இருக்காரு. முந்தி தென்துருவத்துக்குச் சாமான் கொண்டுபோற கப்பல்ல இருந்தாராம். அங்கன பொறுக்குன கல்ல, தாளு பறக்காம இருக்க மேசையில வச்சிருக்காரு."

நான் சோற்றில் வைத்த கையோடு அவரையே பார்த்தேன். நீ எழுந்தே நின்றுவிட்டாய்.

"கப்பல் எப்பம் போவுது?"

"நாளன்னைக்கு."

மறுநாள் நீ வேலைக்குப் போகவில்லை. அண்ணன் வாங்கித்தந்த பாஸோடு, அவரையும் கூட்டிக்கொண்டு இருவரும் புதுத் துறைமுகத்துக்குப் போனோம். கோதுமைத் தூசியில் தும்மிக்கொண்டே கப்பல் ஏணியில் ஏறினோம். நரைத்த தாடியோடு அந்த மனிதர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். சேலை கட்டிய இரண்டு பெண்கள் கல் கேட்டு வந்திருப்பதை அண்ணன் இரண்டு தடவை சொல்லித்தான் புரிந்துகொண்டார். கல்லை எடுத்துக் காட்டினார். உள்ளங்கையை நிறைக்கும் அளவு. ஆனால் கொடுக்க மாட்டேன் என்று தலையை ஆட்டினார். மகளுக்குத் தருவதாகச் சொல்லி வைத்திருக்கிறாராம்.

நான் திரும்பிவிட்டிருப்பேன். நீ பையிலிருந்து, உங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருந்த பெரிய சங்கை எடுத்து மேசையில் வைத்தாய். உனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "மகளுக்கு இது. பாதிக் கல் எங்களுக்கு," என்றாய். அவர் சங்கைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு சிரித்தார். வரைபடத்தை விரித்து, கல்லைப் பொறுக்கிய கரையைப் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டினார். உளியும் சுத்தியலும் கொண்டுவந்து, மேல்தளத்தில் வைத்து ஒரே அடி. இரண்டாகப் பிளந்த கல்லுக்குள் சிவப்பு முத்துகள் வெயிலில் மின்னின. நீ அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஒரு மணமும் இல்ல," என்று ஏமாந்தாய்.

பத்து நாளில் அதைத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தேன். நம் கல்லும் அந்தக் கல்லும் அக்காள் தங்கைபோல இருந்தன. அன்றைக்கே பேராசிரியருக்கு எழுதிவிட்டேன். ஒரு கருத்தரங்குக்குச் சுருக்கமும் அனுப்பிவிட்டேன். தூத்துக்குடியின் பழைய பக்கத்து ஊரைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று மனசு பறந்தது.

நீதான் சும்மா இருக்கவில்லை. "ஒண்ணு போல இருந்தா ஒண்ணாயிருமா? உப்பும் சீனியுங்கூடத்தான் வெள்ளையா இருக்கு," என்று சொல்லி, இரண்டு கல்லிலிருந்தும் சிவப்பு மணிகளை ஊசியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாய். முதலாளி அண்ணாச்சியிடம் கேட்டு, வேலை நேரம் முடிந்தபின் ஆய்வுக்கூடத்தில் அவற்றைக் கரைத்து அளந்தாய். மூன்று வாரம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, தலையில் போட்ட முக்காட்டைக்கூட எடுக்காமல் மாடிக்கு வந்து ஒரு தாளை நீட்டினாய்.

"மக்னீசியம் ஒத்துவரல. அந்தக் கல்லுல நம்மளவிட எவ்வளவோ கூட இருக்கு."

"அளந்ததுல தப்பு வந்திருக்கும்."

"மூணு தடவ பாத்துட்டேன். தப்புன்னா மூணு தடவையும் ஒரே மாதிரியா வரும்?"

அந்தத் தாளை விட்டுவிடலாம், நுண்ணோக்கிப் படங்கள் மட்டும் போதும் என்று நான் சொன்னேன். ஆம், சொன்னேன். நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

"உப்பு ஏத்துற அண்ணாச்சிமாரு எத்தனையோ பேரு மாத்திப் போடச் சொல்லி நின்னிருக்காவ. ஒருத்தருக்கும் மாத்துனதில்ல. நீ கேட்டா மாத்திருவேனா?"

"என் பட்டம் போயிரும்ளா!"

"போனா போவுது. கல்லு என்ன சொல்லுதுன்னு ஒனக்குத் தெரிய வேண்டாமா?"

நான் கோபத்தில் என்னவெல்லாமோ பேசினேன். உப்பு அளப்பவளுக்குப் பாறையைப் பற்றி என்ன தெரியும் என்றும் கேட்டேன். நீ தாளை மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாய். அந்த வாரமே அறையைக் காலி செய்துவிட்டு, கல்லூரிக்குப் பக்கத்தில் வேறு வீடு பார்த்துக்கொண்டேன். உன் அம்மா, "என்னம்மா ஆச்சு?" என்று படிக்கட்டு வரை வந்து கேட்டார்கள். நீ வெளியே வரவில்லை.

புது வீட்டில், உன் கணக்கு தப்பு என்று நிரூபிப்பதற்காகவே அந்தச் சில்லை மறுபடியும் நுண்ணோக்கியில் வைத்தேன். ஓர் ஓரத்தில் நீல நிறத்தில் ஒரு சிறு துகள் இருந்தது. அது என்ன கனிமம் என்று எனக்குத் தெரியும். மக்னீசியம் மிகுந்து, மிகக் கடும் வெப்பத்தில் வெந்த பாறையில் மட்டுமே வரும். நம் கல்லில் எங்கேயும் கிடையாது. அதை நான் முதல் நாளே பார்த்திருந்தேன். ஏதோ கீறல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தட்டை நகர்த்தியிருந்தேன். இப்போது நகர்த்த முடியவில்லை. நீ சொன்ன மக்னீசியத்துக்கு அந்த நீலம் சாட்சி.

கருத்தரங்குக்கு அனுப்பியதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஆய்வேட்டில், என் ஊகம் சரியில்லை, இவ்விரண்டு பாறைகளும் பக்கத்தில் பக்கத்தில் பிறந்தவை அல்ல என்று எழுதினேன். பேராசிரியர் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். திட்டுவார் என்று நின்றேன். "அப்படியானால் நம்ம பாறைக்கு ஜோடி வேறு எங்கே இருக்கும்?" என்று கேட்டார். பட்டம் போகவில்லை. ஆனால் நீ அளந்த எண்களுக்குக் கீழே உன் பெயரை நான் போடவில்லை. 'தனியார் ஆய்வுக்கூடம் ஒன்றில் அளக்கப்பட்டது' என்று மட்டும் போட்டேன். மறதியில்லை அது. வீம்பு.

பல வருஷம் கழித்து, வடக்கே ஓர் ஆய்வகத்திலிருந்து ஓர் இளைஞர் எழுதினார். என் ஆய்வேட்டைப் படித்திருக்கிறார். கல்லில் மிச்சம் இருந்தால் அதன் வயதைக் கணிக்கலாம் என்றார். கடைசி வரியில், 'இவ்வளவு துல்லியமாக அளந்தவர் யார்?' என்று கேட்டிருந்தார். அந்த வரியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மிச்சமிருந்த கல்லை அனுப்பி, பதிலில் உன் முழுப்பெயரையும் எழுதினேன். கல்லின் வயது தெரிந்து கடிதம் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு உன்னைப் பார்க்க வந்தேன். வழியெல்லாம் மன்னிப்பு கேட்க வார்த்தை சேர்த்துக்கொண்டே வந்தேன்.

நீ குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாய். நரைத்திருந்தாய். நான் வாசலில் நின்றபடியே ஆரம்பித்தேன். "உன் பேரை நான்…"

"அது கெடக்கட்டும்ளா. கல்லு என்னாச்சு?"

சொன்னேன். அந்தக் கல் நம் கல்லைவிடப் பல மடங்கு மூத்தது. நம் பாறை இப்போதிருக்கும் உருவத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே அது வெந்து இறுகிவிட்டது. நமக்குப் பக்கத்து ஊர் இலங்கை வழியாகப் போய், ரஷ்யாக்காரர் வட்டமிட்ட கரைக்கு இன்னும் மேற்கே இருக்கலாம் என்கிறார்கள். நீ கையைத் துடைத்துக்கொண்டு பழைய செய்தித்தாளை எடுத்தாய். இந்தியாவையும் இலங்கையையும் தென்துருவத்தையும் போல அதில் கத்தரித்து, மேசைமேல் ஒட்டி ஒட்டி வைத்துப் பார்த்தோம். மீன் அப்படியே கிடந்தது. எப்படி வைத்தாலும் ஒரு சின்ன இடுக்கு மிஞ்சியது. நீ அதன்மேல் விரலை வைத்து, "இந்த எடத்துல என்ன இருக்கும்ளா?" என்று கேட்டாய். தெரியாது என்றேன். உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் முடியப்போகிறது. கடைசியாக நான் உன்னைப் பார்க்க வந்தபோதும், பேச முடியாமல், "புதுசா ஏதும்?" என்று சைகையால் கேட்டாய். இப்போது விமானத்தில் கருவி வைத்துப் பறந்து, பனிக்கு அடியில் பாறை எப்படிக் கிடக்கிறது என்று வரைகிறார்கள். முழுதாக இன்னும் யாருக்கும் தெரியாது. எனக்கோ வயது எண்பதைத் தொடுகிறது. தெரியவரும்போது நான் இருக்கப்போவதில்லை. ஆனாலும் புதுக் கட்டுரை வந்தால் உருப்பெருக்கி வைத்து வரி வரியாகப் படிக்கிறேன். படிப்பும் பட்டமும் என்னுடையவைதான். விடை எனக்கு எதிராக வந்தாலும் பரவாயில்லை, தெரிந்தால் போதும் என்கிற இந்த ஆசை மட்டும் என்னுடையது இல்லை. அது உன்னுடையது. நீ திரும்ப வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டாய்.