மாத்தயா தட்டிப் பார்த்த சுவர்

இன்று காலை, வீடு பரிசோதிக்கிற அதிகாரி மாத்தயா வந்து நம் புது வீட்டுக்குப் பின்னால் எழுப்பிய தடுப்புச் சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகாமல் நான் கூடவே நின்றேன். ஈரச் சிமெந்து வாசனை இன்னும் போகவில்லை. இனிக் குடிவரலாம் என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டார். நீங்கள் கேட்க ஏங்கிய வார்த்தையை நான் தனியாக நின்று கேட்டேன். சந்தோஷப்படத் தெரியவில்லை எனக்கு.

போன மழைக்காலத்தில் அதே இடத்தில் நீங்கள் அவர் முன்னால் நின்றீர்கள். அப்போதே வீட்டுக்குக் கூரை போட்டாகிவிட்டது, கதவும் வைத்தாகிவிட்டது. நாம் இருக்கும் தோட்டத்து லயத்து அறையின் ஈரம் உங்கள் நெஞ்சுக்கு ஆகாது, காய்ந்த இடத்தில் படுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒரு அறையிலாவது இருந்துகொள்கிறோம் என்று கேட்டோம். பின்னால் வெட்டிய மண்மேட்டுக்குத் தடுப்புச் சுவர் கட்டாமல் யாரும் தங்கக் கூடாது, மண் சரிந்தால் யார் பதில் சொல்வது என்றார் அவர். நியாயம்தான். நீங்கள் இருமி முடித்துவிட்டு அமைதியாகக் கேட்டீர்கள்.

"மாத்தயா, நாங்க இப்ப இருக்கிற லயத்தையும் ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்களேன்."

அது தன் வேலை இல்லை என்று அவர் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார். அவரைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. ஆனால் வெள்ளைக்காரன் கட்டிய அந்த லயத்தை, நாம் பிறந்ததிலிருந்து ஒருவரும் தட்டிப் பார்த்ததில்லை.

சுவருக்குக் கல் ஏற்றிய லொறி சேற்றில் மேலே ஏறவில்லை. பாதை காயட்டும் என்றார்கள். பொறுத்தோம், வேறென்ன செய்ய? கட்டிலை எந்த மூலைக்கு இழுத்துப் போட்டாலும் ஒழுக்கு உங்களைத் தேடி வந்தது. "இந்தத் தகரத்துக்கு எம்மேல தனிப் பிரியம்" என்று சிரிக்கப் பார்த்தீர்கள். சிரிப்பு இருமலாகிவிட்டது. பாதை காய்ந்து லொறி ஏறி வந்தபோது நீங்கள் இல்லை.

இன்று கையெழுத்தானதும் உங்கள் அண்ணனிடம் போய், எப்போது பால் காய்ச்சலாம் என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"வருசம் திரும்பட்டும்மா. சாவு விழுந்த குடும்பம், இப்ப புது வீடு போகக் கூடாது."

அதுவும் நியாயம்தான். எல்லோரும் நியாயமாகவே பேசுகிறார்கள், எனக்குத்தான் கோபப்பட ஓர் ஆள் கிடைக்கவில்லை.

சாயந்திரம் வீட்டைப் பூட்டிவிட்டு லயத்துக்கே திரும்பினேன். வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. புது வீட்டுச் சாவி என் இடுப்பில் இருக்கிறது. நீங்கள் படுத்திருந்த இடத்தில் வாளியை வைத்திருக்கிறேன்.