பில் தாளில் பன்னிரண்டு சொற்கள்

மார்ச் 4

அன்புள்ள ஊமைச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நலம். போனில் பேச முடியாத விஷயம், அதனால்தான் கடிதம். போனை ஒட்டுக் கேட்பார்கள், மெசேஜைத் திறந்து பார்ப்பார்கள். ஒன்பதாவதோடு நின்றவளுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை.

அப்பா இறந்தபோது ஆலையில் கொடுத்த பணம் நம் மூவருக்கும் சமபங்கு என்று பேசி, மொத்தத்தையும் நான் கிரிப்டோவில் போட்டு வைத்திருக்கிறேன். அதை வைத்திருக்கும் வாலெட், அதாவது டிஜிட்டல் பணப்பை, என் போனில் இருக்கிறது. போன் தொலைந்தால், பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களை வேறொரு போனில் வரிசை மாறாமல் அடித்தால்தான் வாலெட் திறக்கும். சொற்கள் போனால் பணமும் போயிற்று.

அந்தச் சொற்களை இத்துடன் வைத்திருக்கிறேன். கையால் எழுதினால் கையெழுத்து காட்டிக் கொடுக்கும். கம்ப்யூட்டரில் அடித்தால் பதிவாகிவிடும். அதனால் நான் வேலை பார்க்கும் சூப்பர் மார்க்கெட்டின் பில் மெஷினில் அடித்து எடுத்தேன். வேறு எவனுக்கும் இந்த மூளை வராது.

உன் ஜெராக்ஸ் கடையில் இதை லேமினேட் செய்து அம்மாவின் பெட்டியில், துணிக்கு அடியில் வை. படிக்காதே. படித்தாலும் உனக்குப் புரியாது. இருந்தாலும் படிக்காதே.

அண்ணன்


மார்ச் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதமும் தாளும் கிடைத்தன. நானும் அம்மாவும் இருக்கிறோம். சலவைக் கடையில் அம்மா இன்னும் இஸ்திரி மேஜை முன்னால் பத்து மணி நேரம் நிற்கிறாள். கணுக்காலுக்கு மேல் நரம்பெல்லாம் நீலமாகச் சுருண்டு கிடக்கிறது. நேற்று காலைத் தூக்கிச் சுவரில் சாய்த்துக்கொண்டு சொன்னாள்: "என் பங்கைக் குடுத்துடச் சொல்லுடி. நான் உக்காரணும். உனக்கு வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும், கடுதாசியிலயாவது கேளு." கேட்டுவிட்டேன்.

நீ அனுப்பிய தாளை லேமினேட் செய்ய முடியாது. பில் தாளில் மை கிடையாது. சூடு பட்டுத்தான் எழுத்து வருகிறது. லேமினேஷன் மெஷினின் உள்ளே அம்மாவின் இஸ்திரிப் பெட்டி அளவுக்குச் சூடு. போன வாரம் ஒருவர் ஃபிரிட்ஜ் வாங்கிய பில்லைக் கொண்டுவந்தார். கடைக்கார அக்கா, "சார், இது உள்ள போனா அமாவாசை ஆயிடும்" என்றாள். "நான் இன்ஜினியர்மா, எனக்குத் தெரியாதா?" என்றார். முழுக்கக் கறுத்து வெளியே வந்ததைப் பார்த்து எங்களைத்தான் முறைத்தார்.

சாதாரணத் தாளில் பேனாவால் எழுதி அனுப்பு. அது போதும்.

தங்கை


மார்ச் 20

ஊமைச்சிக்கு,

நாள் முழுக்கத் தாளைப் புரட்டுகிறவள் எனக்குப் பாடம் எடுக்கிறாயா? தினமும் ஐந்நூறு பில் என் கையால் போகிறது. ஒன்றுகூடக் கறுத்ததில்லை. உன் கடைக்கார அக்காவுக்கு உடம்பு வளையவில்லை, கதை சொல்கிறாள். சொன்னதைச் செய். செய்தபிறகு இதைப் பற்றி எனக்கு ஒரு வரிகூட எழுதாதே. தபால்காரன் படிப்பான்.

அம்மாவிடம் பக்குவமாகச் சொல். கிரிப்டோ சந்தை அடியோடு விழுந்துவிட்டது. மூன்று பங்கும் போயிற்று. மிஞ்சியதைக் கூட்டினால் ஒரு செருப்பு வாங்கலாம். என் தவறில்லை, உலகம் முழுக்க இப்படித்தான். சும்மா நச்சரிக்க வேண்டாம்.

அண்ணன்


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ சொன்னது சொன்னபடி முடிந்தது. பெட்டிக்குள் வைத்தாகிவிட்டது. மேற்கொண்டு எழுதக் கூடாது என்பதால் எழுதவில்லை.

பணம் போனதைச் சலவைக் கடைக்கே போய் அம்மாவிடம் சொன்னேன். "போனா போகுது, புள்ளை மனசு ஒடஞ்சிருப்பான். நீ அவனை ஒண்ணும் கேக்காத" என்றாள். பிறகு இஸ்திரி போட்டு முடித்த சட்டையையே எடுத்து மறுபடி போட்டாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு சந்தேகம். ஒரு செருப்பு விலைகூடத் தேறாத வாலெட்டுக்கு எதற்கு லேமினேஷன்? படிக்காதவள் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

தங்கை


ஜூன் 9

என் செல்லத் தங்கைக்கு,

அண்ணனின் அன்பு முத்தங்கள். அம்மாவின் கால் எப்படி இருக்கிறது? ராத்திரியில் தலையணை வைத்து உயர்த்திப் படுக்கச் சொல்.

என் போன் தரை துடைக்கும் வாளிக்குள் விழுந்துவிட்டது. பழுது பார்ப்பவன் கையை விரித்துவிட்டான். அந்த அட்டையை இன்றைக்கே பதிவுத் தபாலில் அனுப்பு. இன்றைக்கே. உள்ளே ஒன்றும் இல்லை, அப்பா நினைவாக வைத்திருக்கலாம் என்றுதான். அம்மாவிடம் சொல்ல வேண்டாம், வீணாகக் கவலைப்படுவாள். நீ கெட்டிக்காரி, செய்துவிடுவாய்.

உன் பாசமுள்ள அண்ணன்


ஜூன் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

அட்டையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மூலைகளை வளைவாக வெட்டியிருக்கிறேன், கையில் குத்தாது. தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது, வாளியில் விழுந்தாலும் துடைத்துக்கொள்ளலாம். பாதுகாப்பைப் பற்றி உனக்குக் கவலையே வேண்டாம். எப்பேர்ப்பட்ட திருடன் வந்தாலும் இதில் ஒரு எழுத்தைக்கூடப் படிக்க முடியாது.

லேமினேஷன் மெஷினில் இரண்டு நொடிதான் ஆயிற்று. வெள்ளையாக உள்ளே போனது, தார் ரோடு மாதிரி வெளியே வந்தது.

நினைவுப் பொருள்தானே. மேஜைமேல் வைத்துக்கொள்.

தங்கை


ஜூன் 21

தங்கமே,

நண்பனின் போனிலிருந்து ஒன்பது தடவை கூப்பிட்டேன். ஒன்பது தடவையும் "ம்" என்று மட்டும் சொன்னாய். இது விளையாடும் நேரமா?

உண்மையைச் சொல். படித்தாயா? மெஷினில் விடும்போது கண்ணில் பட்டிருக்குமே. ஒரு சொல்லாவது? முதல் சொல்லாவது? படித்திருந்தால் சத்தியமாகத் திட்ட மாட்டேன். அதில் கொஞ்சம் இருக்கிறது. இப்போதுதான் விலை ஏறியிருக்கிறது. அம்மாவின் பங்கைத் தரத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று நாளாகத் தூக்கமில்லை. அந்தக் கறுப்பு அட்டையை வெயிலில் பிடித்துப் பார்த்தேன், டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

அண்ணன்


ஜூலை 2

அண்ணாவுக்கு,

படித்தேன்.

எங்கள் கடையில் எந்தத் தாளையும் நகல் எடுக்காமல் லேமினேஷனுக்கு விட மாட்டோம். மெஷின் சில சமயம் தாளைத் தின்றுவிடும், வந்தவருக்குப் பதில் சொல்ல வேண்டும். உன் தாளை ஜெராக்ஸ் எடுக்கவில்லை, அந்த மெஷின் எடுத்ததை ஞாபகம் வைத்திருக்கும். பில் மெஷினும் வைத்திருக்கும், அது உன் மூளைக்கு எட்டவில்லை. நான் பென்சிலால் எழுதி, ஒவ்வொரு எழுத்தாக இரண்டு முறை சரிபார்த்தேன். எனக்குப் புரியாது என்றாயே, அதில் ஒன்று ஏணி, ஒன்று நிலா, ஒன்று கழுதை. எல்லாம் புரிந்தது.

நீ சந்தை விழுந்தது என்றபோது பாதி நம்பினேன். "செல்லம்" என்று எழுதியபோது சுத்தமாக நம்பிக்கை போயிற்று. பிறந்ததிலிருந்து நீ என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. ஒன்றுமில்லாத வாலெட்டுக்காக யாரும் ஊமைச்சியைச் செல்லம் ஆக்க மாட்டார்கள். அந்தக் கடிதம் வந்த அன்று மதியம் கடைக்கார அக்கா சாப்பிடப் போன நேரத்தில் என் போனில் வாலெட் ஆப்பை இறக்கி, சொற்களை அடித்தேன். அப்பாவின் பணம் அப்படியே இருந்தது, வளர்ந்தும் இருந்தது. பழைய விலைகளையும் அதிலேயே பார்த்தேன், மார்ச்சில் எதுவும் விழவில்லை. அம்மா அந்தச் சட்டையை இரண்டாம் முறை தேய்த்துக்கொண்டிருந்த நாளில்கூட அது ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

புதிதாக ஒரு வாலெட் திறந்தேன். அதன் சொற்களைச் சாதாரணத் தாளில் இரண்டு பிரதி எழுதி, இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன். முதலில் மிகச் சிறிய தொகை அனுப்பிப் பார்த்தேன், போய்ச் சேர்ந்தது. பிறகு அம்மாவின் பங்கையும் என் பங்கையும் மாற்றினேன். அனுப்பும் கட்டணத்தையும் எங்கள் பங்கிலிருந்தே கொடுத்தேன். உன் பங்கு இருந்த இடத்தில் இருக்கிறது. சொற்கள் பின்னால் உள்ள தாளில், பேனாவால். இதையும் லேமினேட் செய்து வைக்காதே.

மொத்தமாக எடுத்திருக்கலாம். நீ தபாலில் அழுதுகொண்டே இருந்திருப்பாய். எடுத்திருந்தால் நீயும் நானும் ஒரே ரகம் ஆகியிருப்போம். அந்த அசிங்கம் எனக்கு வேண்டாம்.

அம்மாவின் பங்கை விற்று அவள் வங்கிக் கணக்கில் போட்டாயிற்று. எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். மூன்று நாள் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். நான்காம் நாள் அவளே முடிவு கட்டிவிட்டாள். "எம்புள்ளை அனுப்பிட்டானா? எனக்குத் தெரியும்டி. நஷ்டம்னு சொன்னானே, எங்கெங்கயோ கடன ஒடன வாங்கி அனுப்பியிருக்கான் பாரு!" என்றாள். நான் ஆமாம் என்றேன். சனிக்கிழமை சலவைக் கடையில் கணக்கு முடித்துக்கொண்டு வந்தாள். இஸ்திரி போடும் பெண்கள் எல்லோரிடமும் உன் பெருமையைப் பேசியிருக்கிறாள். இப்போது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடித்த துணியையே பிரித்து மடிக்கிறாள்.

எனக்கு இனி எழுதாதே. வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் நண்பனின் போனுக்கு அம்மா கூப்பிடுவாள். நன்றி சொல்வாள், நீ பட்ட கஷ்டத்தை நினைத்து அழுவாள், சாப்பிட்டாயா என்று கேட்பாள். வைத்துவிடாதே. அவள் பேசி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிரு.

தங்கை