மூன்று இடம் முன்னால்

திருவொற்றியூர், 9-2-1956

அன்புத் தங்கை நீலாவுக்கு,

நான் சௌக்கியம். உன் இருமல் நின்றதா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

ஞாயிறன்று முதலாளி சோழவரம் கார் பந்தயத்தில் ஓட்டினார். புறப்படும் வரிசையில் நான்காவதாக நின்றார். கொடி இறங்கியதும் முன்னால் நின்ற மூவரும் அவசரமாக மிதிக்க, மணல் படிந்த தரையில் சக்கரங்கள் வீணாகச் சுற்றின. பட்டறைக் கூட்டாளி கோதண்டம், "இன்னா நைனா, அங்கியே சுத்திகினு கீறானுங்க!" என்று கத்தினான். முதலாளி நிதானமாகக் கிளப்பி, ஓரமாக ஒடித்து, மூவரையும் முந்தினார்.

அந்த ஓரத்தில் நான் நின்றிருந்தேன். சக்கரம் ஏறிய இடத்தில் லேசான வீக்கந்தான். முதலாளி கவனிக்கவில்லை, கோப்பை வாங்கினார். நான்கு நாளாகக் கோதண்டம்தான் சோறு வாங்கி வருகிறான்.

பரணில் அப்பாவின் அகலச் செருப்பு கிடக்கும், அனுப்பு. அம்மாவிடம் காரணம் சொல்லாதே. சங்கு ஊதிவிட்டது, நிறுத்துகிறேன். இடது கால் செருப்பு மட்டும் போதும்.

வேலப்பன்